அஞ்சுகிராமம் போக மறுத்த எபெனேசர்

ஆனி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மட்டுமரியாதை கிடையாது. குடை, துண்டு, பந்தல் துணி, பஸ்சுக்கு நிற்பவர்களின் தலைவாரல் எதையும் விட்டுவைக்காது. அந்தக் காற்றை நம்பித்தான் தென்முனை காற்றாலைக் கம்பெனி பிழைத்தது. அந்தக் கம்பெனியை நம்பி ஷைஜா பிழைத்தாள். கணவாயை ஒட்டிய மாடிக் கட்டடத்தில் அவர்களுடைய கண்காணிப்பு அறை. சுவர் நிறையத் திரைகள், திரை நிறையக் காற்றாலைகள். சுற்றுகிறது பச்சை, நின்றது சிவப்பு, பேச்சுமூச்சு இல்லாதது சாம்பல். அந்தத் திரைகளுக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பது ஷைஜாவின் வேலை. இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து ஆனியில் அவள் ஒரு வாரமாக எபெனேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எபெனேசர் ஆள் இல்லை. இரண்டு சர்வர்களுக்குப் பொதுவாக வைத்த பெயர். ஒரு சர்வர் இங்கே ஆரல்வாய்மொழியில், மற்றது அஞ்சுகிராமத்தில் கம்பெனிக்கு இருந்த சின்ன ஆபீசில். ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் சேர்த்துக் கட்டுவதற்குக் கிளஸ்டர் என்று பெயர். சுவரில் இருக்கிற திரைகளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவை டி.என்.எஸ். என்கிற இன்னொரு மெஷினிடம் போய், எபெனேசர் எங்கே இருக்கிறார் என்று கேட்கும். அது முகவரியைச் சொல்லும். எபெனேசர் அஞ்சுகிராமத்துக்கு இடம் மாறினால், புது முகவரியைத் தானே அந்த டி.என்.எஸ்.ஸில் பதிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அவ்வளவுதான் நடக்க மாட்டேன் என்றது. வேலையை மாற்றிவிட்டால் அஞ்சுகிராமத்து சர்வர் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் டி.என்.எஸ். பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு குடும்பம் வீடு மாறிப் போன பிறகும், தேடி வருகிறவர்களை முக்குக் கடைக்காரர் பழைய வீட்டுக்கே கை காட்டி அனுப்புவது போல. திரைகளெல்லாம் பூட்டிய வீட்டைத் தட்டித் தட்டிச் சாம்பலாகிவிடும்.

ஷைஜா பார்க்காத இடம் பாக்கி இல்லை. கேபிளை மாற்றினாள். பழைய முகவரியைத் திரைகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிஷமாகக் குறைத்தாள். கிளஸ்டரை அணைத்து ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் சர்வர் ஒரே பல்லவியைப் பாடியது: பெயரைப் பதிய முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது. சரி, கிளஸ்டரின் அனுமதிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று அதை நாள்கணக்கில் குடைந்தாள். டி.என்.எஸ்.ஸைத் திறந்தும் பார்த்தாள். எபெனேசர் என்ற பெயர் இருந்தது, எதிரே ஆரல்வாய்மொழி முகவரி சரியாக இருந்தது. சரியாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? காற்று அடிக்கிற சீசனில் ஒழுங்காக இருப்பதைத் தொட்டு வம்பை விலைக்கு வாங்க அவளுக்கு மனம் இல்லை.

சென்னைத் தலைமை ஆபீசுக்கு ஆரல்வாய்மொழி அறையின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே, அங்கே எதற்குத் தனி அறை என்று கேட்டார்கள். மேனேஜர் ஞானதாசன் கெஞ்சிக் கூத்தாடினார். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும், எங்களுக்கு ஒருத்தர் துணையும் வேண்டாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் கண்ணால் காட்டுங்கள் என்று பொன்னுலிங்கம் என்கிற பெரிய அதிகாரியை அனுப்பினார்கள். அவர் முன்னால் இங்கே உள்ள சர்வரை அணைக்க வேண்டும். அஞ்சுகிராமத்திலிருந்து திரைகள் பச்சையாக வேண்டும். பச்சை வந்தால் அறை இங்கே, வராவிட்டால் சென்னையில். ஷைஜாவுக்கும் சென்னையில் மேஜை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அந்தமட்டுக்கும் நல்லவர்கள்.

அந்த மேஜையை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் புருஷன் ஜெனின் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். கல்யாணமான நாள் முதல் பாதிக் குடும்பம் ஃபோனில்தான் நடந்தது. வருஷத்துக்கு ஒரு மாசம் வருவான், அதில் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் போய்விடும். இந்தத் தை மாதம் அடியோடு முடித்துக்கொண்டு வந்து, தோவாளையில் பூச்சந்தைக்குப் பக்கத்தில் ஏசி ரிப்பேர் கடை போட்டுவிட்டான். சாயங்காலம் அவன் சட்டையிலிருந்து பிச்சிப்பூ வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்து வரும். ஷைஜாவுக்கு அந்த வாசம் இன்னும் சலிக்கவில்லை, புருஷனும் சலிக்கவில்லை. வீட்டில் இரண்டு பேரும் பேசி, சிரித்து, சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய பாக்கி வருஷக்கணக்கில் கிடந்தது.

சென்னை விஷயத்தைச் சொன்ன அன்று ஜெனின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"இனி நான் பெட்டி கட்ட மாட்டேன், கேட்டியா?" என்றான். "போவணும்னா நீ போ. என்னைக் கூப்பிடாத."

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

பொன்னுலிங்கம் வியாழக்கிழமை வந்து இறங்கினார். காரை விட்டு இறங்கிய வேகத்தில் அவருடைய தொப்பியைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. டிரைவர் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார். பிறந்தது சாத்தூர்ப் பக்கம், பிழைப்பு சென்னை, பார்த்தால் கடுகடுவென்றுதான் இருந்தார். ஆனால் ஞானதாசன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்ததும் முகம் கொஞ்சம் இளகியது. மரச்சீனிக் கிழங்கு அவித்தது, நெய்மீன் குழம்பு, ஒரு சீப்பு மட்டிப்பழம். சாப்பிட்டதும் சோதனை என்று முடிவானது. ஷைஜா மீனைத் தொடாமல் மரச்சீனியை மட்டும் கொறித்தாள். தூக்கில் போடப் போகிறவனுக்கு விருந்து வைத்தது போல இருந்தது.

ஞானதாசனிடம் ஒரு கதை உண்டு. இந்த அறையின் பிரதிஷ்டைக் கதை. சர்ச்சின் சபைக் கமிட்டியில் இருக்கிறவர், ஆபீஸ் திறப்பையும் கோயில் திறப்பு மாதிரியே நடத்திவிட்டார். அதை ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஆபீசில் எல்லோருக்கும் அதன் முதல் வரி மட்டும் மனப்பாடம், ஏனென்றால் முதல் வரியிலேயே ஆளுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவார்கள். ஷைஜா வேலைக்குச் சேர்ந்ததே அந்தப் பிரதிஷ்டைக்குப் பிறகுதான். முழுக் கதையை அவளும் கேட்டதில்லை. இன்று விருந்தாளி முன்னால் எழுந்து ஓட முடியாமல் மாட்டிக்கொண்டாள்.

"சார், போதகர் ஐயாவுக்கு ஒரு நாள் கிடைக்கியது லேசுப்பட்ட காரியமா?" என்று ஞானதாசன் ஆரம்பித்தார். "நோட்டீஸ் அடிச்சாச்சு. சபையில அறிவிச்சாச்சு. ஏத்தங்கா சிப்சும் வறுத்தாச்சு. பாத்தா, அஞ்சுகிராமத்துக்கு வரவேண்டிய சர்வர் வரல்ல. லாரி மதுரையில பிரேக் டவுன்."

"அடடா. தள்ளி வைச்சிருக்கலாமே?" என்றார் பொன்னுலிங்கம், மரியாதைக்கு.

"தள்ளி வைக்கியதா! ஐயாவுக்கு அடுத்த நாள் கிடைக்க கிறிஸ்மஸ் ஆயிரும். எங்க பக்கத்துல சுவரு எழும்பாட்டியும் அஸ்திவாரக் கல்லுல வீட்டுக்கப் பேரு இருக்கும், சார். நான் அப்போ இங்க கம்ப்யூட்டர் பாத்த ஆன்ட்ரூஸை விளிச்சு, 'மக்கா, கிளஸ்டரைப் பிறவு கட்டலாம், பேரு இன்னைக்குத் திறக்கணும்'னேன். பய உக்காந்து பேரைக் கையால அடிச்சு ஏத்துனான். ஐயா ஜெபம் பண்ணி கீயை அமுக்குனாரு. எபெனேசர்னு சொன்ன உடனே திரையில பக்கம் திறந்து வந்துதே, பாக்கணும்! எல்லாரும் கைதட்டு."

ஷைஜாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"சார், கையாலயா?"

"ஆமா மக்ளே. கிளஸ்டரு வாறதுக்கு ரெண்டு மாசம் முந்தியே பேரைத் திறந்தாச்சு!" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

அவள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவினாளா இல்லையா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. மாடிப்படியில் நின்று அஞ்சுகிராமத்து ஆபீசுக்கு ஃபோன் போட்டாள். ஆன்ட்ரூஸ் அங்கேதான் இப்போது பொறுப்பு.

"ஆன்ட்ரூஸ் அண்ணே, டி.என்.எஸ்.ல எபெனேசரை நீங்களா எழுதுனிய?"

"எப்போ?"

"பிரதிஷ்டைக்கு."

"அட கர்த்தாவே!" என்றார் ஆன்ட்ரூஸ். "அது ஜெபம் முடியது வரைக்கும்னு எழுதுனது பிள்ளே. முடிஞ்ச உடனே அழிக்கணும்னுதான் நெனச்சேன். முந்திரிக்கொத்து குடுத்தாவ. தின்னுட்டு அப்படியே மறந்துட்டேன்."

ஷைஜாவுக்குத் திட்டத் தோன்றவில்லை. சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக அவள் கிளஸ்டரின் கழுத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், குற்றம் ஒரு முந்திரிக்கொத்தின் மேல் இருந்திருக்கிறது. அந்த டி.என்.எஸ்.ஸில் யார் ஒரு பெயரை எழுதுகிறார்களோ அது அவர்களுக்கே சொந்தம், மற்றவர் கை வைக்க முடியாது. கண்டவனும் பெயரைத் திருத்தாமலிருக்க அப்படியொரு காவல். எபெனேசரை எழுதியவர் ஆன்ட்ரூஸ். பிறகு வந்த கிளஸ்டர் தன் பெயரைத் தானே பதியப் போனபோது, இது உன்னுடையது இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. முகவரி தற்செயலாகச் சரியாக இருந்ததால் இத்தனை நாளும் ஒருவருக்கும் தெரியவில்லை. பிரிண்டர், கேமரா என்று கையால் எழுதிய பெயர்கள் அங்கே எத்தனையோ கிடந்தன. அவற்றோடு ஒன்றாக இதுவும் அவள் கண்ணுக்குப் பழகிவிட்டது.

அவள் திரும்பி வந்து ஞானதாசனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் உடனே சுதாரித்துக்கொண்டு, வந்தவரைக் காற்றாலையின் அடிவாரத்தைக் காட்டி வரும்படி டிரைவரோடு ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். ஏறிப் பார்க்கலாமா என்று பொன்னுலிங்கம் கேட்க, தாராளமாக என்று சொல்லிவிட்டார். ஜீப் தெருமுனை திரும்பியதும் ஓடி வந்தார்.

"இப்போ என்ன செய்யணும், மக்ளே?"

"அந்தப் பேரை அழிக்கணும், சார்."

ஞானதாசனின் முகம் விழுந்துவிட்டது. "அழிக்கியதா? ஜெபம் பண்ணி வச்ச பேரையா? அது மட்டும் நடக்காது."

பெயரை அழிக்காமல் அதன் உரிமையை மட்டும் கிளஸ்டருக்கு மாற்றிக்கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் ஒரு வாரம் அனுமதிகளைக் குடைந்து குடைந்து ஷைஜாவுக்கு அந்தப் பக்கமே போகப் பயமாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. சுத்தமாகத் துடைத்துவிட்டு, கிளஸ்டரையே எழுதவிடுவதுதான் நிச்சயமான வழி.

"சார், ஒண்ணு கேக்கேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வைக்கது போதகர் ஐயா. சம்மதிக்கேன். அந்தப் பிள்ளை வளந்து கல்யாணத்துக்கு வந்து நிக்கும்போ கையெழுத்து யாரு போடணும்? ஐயாவா, பிள்ளையா?"

ஞானதாசன் யோசித்தார். கல்யாண ரெஜிஸ்டரில் கையெழுத்து என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. எத்தனை கல்யாணத்துக்கு அவரே பக்கத்தில் நின்று பேனா நீட்டியிருக்கிறார்.

"பிள்ளைதான் போடணும்."

"அதத்தான் சொல்லுகேன். பேரு போவாது சார். ஐயா வச்ச அதே பேரு. ஆன்ட்ரூஸ் அண்ணன் போட்ட கையெழுத்தை அழிச்சுட்டு, எபெனேசரே தன் கையால போடட்டும்."

"செரி" என்றார் அவர் கடைசியில். "ஆனா ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுத்தான். நான் ஆமென்னு சொல்லியதுக்கு முன்ன அமுக்கிரப்பிடாது."

ஞானதாசனின் சின்ன ஜெபத்தைப் பற்றிச் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஷைஜா பெயரைத் தேர்ந்தெடுத்து, டெலிட் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி கண்ணை மூடினாள். அவசரத்தில் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்த ஜெபம், ஆன்ட்ரூசின் மறதிக்குப் போனது. அங்கிருந்து அவருடைய இடுப்பு வலிக்குப் போனது. காற்றுக்காக நன்றி சொன்னது. மழைக்காக விண்ணப்பம் வைத்தது. சென்னை ஆபீசில் உள்ளவர்களின் கல்லான இருதயத்தைத் தொட்டது. கீழே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஷைஜா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஞானதாசனும் ஒரு கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு, அவசரமாக ஆமென் சொன்னார்.

அவள் அமுக்கினாள். பெயர் போனது. கிளஸ்டரில் எபெனேசர் என்ற பெயரை மட்டும் ஒரு தடவை அணைத்து ஏற்றினாள், அப்போதுதான் அது புதிதாகப் பதியப் போகும். சுவரில் இருந்த எல்லாக் காற்றாலைகளும் சாம்பலாகின. ஞானதாசன் வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டார். அவள் டி.என்.எஸ். பக்கத்தைப் புதுப்பித்தாள், ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை புதுப்பித்தாள். எபெனேசர் வந்து உட்கார்ந்திருந்தது. கையால் எழுதிய பெயர்களுக்கு எதிரே நேரம் எதுவும் இருக்காது. இதற்கு எதிரே இன்றைய தேதியும் இந்த நிமிஷமும் இருந்தன. யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல், அது தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டுவிட்டது. பெற்ற பிள்ளை முதல் தடவை பெயரெழுதிக் காட்டியது போல அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சுவரில் மறுபடி பச்சை பரவியது.

பொன்னுலிங்கம் படியேறி வந்தார். தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது, சட்டையில் கிரீஸ் கறை, முகத்தில் ஒரு சின்னப் பையனின் சிரிப்பு. காற்றாலை உச்சி வரை ஏறிவிட்டாராம். அங்கிருந்து கடல் தெரிகிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

"சரி, ஆரம்பிக்கலாமா? சர்வரை நானே அணைக்கிறேன்" என்றார். "நீங்க அணைச்சா மெதுவா, பக்குவமா அணைப்பீங்க. நிஜத்துல கரண்ட் அப்படியா போகும்?"

போய் ஒயரையே பிடுங்கிவிட்டார். ஷைஜாவுக்கு உயிரே போய்விட்டு வந்தது. திரைகள் சாம்பலாகின. ஸ்பீக்கரில் அஞ்சுகிராமத்திலிருந்து ஆன்ட்ரூசின் குரல் வந்தது: "இங்க எழும்பியாச்சு! எழும்பியாச்சு பிள்ளே!" திரைகள் சாம்பலாகவே இருந்தன. சென்னை மேஜை அவள் கண் முன்னால் வந்து நின்றது. மேஜைக்குப் பின்னால் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் கட்டிலும் வந்தது. அங்கிருந்து ராத்திரி ஃபோனில் ஜெனினிடம் என்ன குழம்பு என்று கேட்கிற தன் குரல்கூட அவளுக்குக் கேட்டுவிட்டது. போதும், இனிமேல் அந்தப் பிழைப்பு வேண்டாம் ஆண்டவரே என்று மனத்துக்குள் சொன்னாள். அவளுடைய ஜெபம் நிஜமாகவே சின்னது.

மூலையில் ஒரு காற்றாலை பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முப்பந்தல் வரிசை முழுக்க, பிறகு சுவர் முழுக்க. ஞானதாசன் அல்லேலூயா என்று போட்ட சத்தத்தில் கீழே டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆன்ட்ரூஸ் ஸ்பீக்கரில் என்னவோ கத்தினார், ஒருவருக்கும் புரியவில்லை.

"இன்னொரு தடவை" என்றார் பொன்னுலிங்கம். இந்த சர்வரை எழுப்பி, வேலையைத் திரும்ப இங்கே வரவைத்து, மறுபடியும் ஒயரைப் பிடுங்கினார். எபெனேசர் மறுபடியும் அஞ்சுகிராமம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது தடவையும் பிடுங்கினார். அது சோதனைக்கு இல்லை, ஆசைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு ஜன்னலோரமாகப் போய்ச் சென்னைக்கு ஃபோன் பேசினார். "இல்ல சார், மாத்த வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்று அவர் சொன்னதை ஷைஜா இரண்டு காதாலும் கேட்டாள்.

மொட்டைமாடிக்கு ஓடிப் போய் ஜெனினுக்கு ஃபோன் போட்டாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப இறங்கி வந்து மாடிப்படி வளைவில் ஒடுங்கி நின்று போட்டாள்.

"அத்தான், ரூமு எங்கயும் போவல்ல. இங்கனதான். நானும் இங்கனதான்!"

அந்தப் பக்கம் ஸ்பானரோ என்னவோ தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது" என்றான் ஜெனின். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஏட்டி, நீ ஃபோனை வை. நான் அம்பத்தூருக்கு ஒரு ஃபோன் போடணும்."

"சென்னை அம்பத்தூர்லயா? அங்க யாரு?"

"அங்க ஒரு ஏசி கம்பெனி. கூட கத்தார்ல கிடந்தவன் ஒருத்தன் பேசி விட்டான். அடுத்த மாசம் வந்து சேருகேன்னு சொல்லிருந்தேன். வரல்லன்னு சொல்லணும்லா."

ஷைஜா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டி கட்ட மாட்டேன்னு சொன்னிய?"

"சொன்னேன்."

"அப்போ கடை?"

"கடையை வேற ஆளுக்குக் குடுக்கப் பேசியாச்சு. அதையும் வேண்டாம்னு சொல்லணும். பிறவென்ன செய்ய? உன்னை அங்க தனியா விட்டுட்டு நான் இங்க இருந்து யாருக்கு ஏசி மாட்ட?"

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இத்தனை நாளும் அவன் பேசாமலிருந்ததைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவனோ ஊமையாட்டம் இருந்துகொண்டு அவளுக்காக எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருக்கிறான். அறையிலிருந்து யாரோ அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளுக்கு இப்பவே ஃபோன் போடுங்க" என்றாள். "வரமாட்டேன்னு கண்டிப்பா சொல்லிருங்க."

"அதான் சொல்லுகேன். நீ வச்சாத்தானே ஏட்டி நான் அவங்கிட்டப் பேச முடியும்? ஃபோனை வை."

அவள் வைக்கவில்லை.